லவுட்டும் சுருதியும்: ஒரு சொல்லின் வேரை நீங்களே தேடிப் பிடிப்பது எப்படி

மார்கழி பஜனை நேரத்தில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் விடிய ஐந்து மணிக்கே லவுட்ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். பனி மூடி எதிர் லயமே தெரியாது, ஆனால் சத்தம் மட்டும் மலையைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கத்து டிவிஷன் வரைக்கும் போகும். அப்படி ஒரு நாள் மைக் செட் தம்பி "லவுட் போதுமா அண்ணே?" என்று கேட்க, ஆர்மோனியக்காரர் "லவுட் இருக்கட்டும், முதல்ல சுருதி சேரட்டும்" என்றார். அந்த ஒரு பேச்சில் இருந்த லவுட்டும் சுருதியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரிய வந்தது பல வருஷம் கழித்துத்தான். தெரிந்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இதை நான் சொன்னேன் என்று நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனா, போனில் கொஞ்சம் டேட்டா இருந்தால் போதும், நீங்களே தேடி உறுதி செய்துகொள்ளலாம். எப்படி என்று லவுட் என்ற சொல்லையே வைத்துக் காட்டுகிறேன்.

முதலில் எதைத் தேடப் போகிறோம் என்று தெளிவாக வேண்டும். ஆங்கிலம், ஜேர்மன், ஒல்லாந்தர் பேசும் டச்சு, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து மொழிகள் எல்லாம் ஒரு குடும்பம். இவற்றின் தாயை மூல ஜேர்மானிய மொழி என்கிறார்கள். ஏறத்தாழ 2500 வருஷத்துக்கு முன்னால் ஸ்கண்டிநேவியாவின் தெற்கிலும் இன்றைய ஜேர்மனியின் வடக்கிலும் பேசியது. அந்த மொழியில் எழுதி வைத்த நூல் எதுவும் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத் தாயின் முகத்தை வரைவதுபோல, பின்னால் வந்த மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதன் சொற்களைக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிய சொல்லின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் ஷ்லைகர் என்ற ஜேர்மன் அறிஞர் நிலைநிறுத்திய வழக்கம் அது. "இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை, நாங்கள் கணித்தது" என்று அர்த்தம். இந்த நேர்மையான சின்னக் குறி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்களும் மறக்காமல் போடுங்கள். நாம் போய்ச் சேரப் போகும் சொல் *ஹ்லூடஸ், சத்தமான என்ற பொருள் தரும் பெயரடை.

இன்னொரு விஷயம். தமிழ் எழுத்தில் ட என்றால் 'படம்' என்பதில் ஒரு மாதிரி, 'பட்டம்' என்பதில் வேறு மாதிரி ஒலிக்கும், ஆனால் எழுத்து ஒன்றுதான். சொல் ஆராய்ச்சியில் அந்த வித்தியாசம்தான் உயிர். அதனால் கொப்பியில் ரோம எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இங்கே நான் படம் என்பதின் மெல்லிய ஒலிக்கு ட் என்றும், பட்டம் என்பதின் வல்லோசைக்கு ட்ட் என்றும் எழுதுகிறேன்.

சரி, வேலையைத் தொடங்குவோம். சகோதர மொழிகளில் அதே பொருளுக்கு என்ன சொல் என்று அகராதியில் பாருங்கள். ஆங்கிலத்தில் லவுட், ஜேர்மனில் லவுட்ட், டச்சில் லொய்ட் (எழுதும்போது ஆங்கிலம் போலவே மெல்லிய எழுத்தில்தான் முடிப்பார்கள்). பார்த்தவுடன் ஒன்றுபோல இருக்கிறதே, முடிந்தது வேலை என்று நினைக்காதீர்கள். ஒன்றுபோல இருப்பது சாட்சியே அல்ல. ஒரே மாதிரி மாறியிருக்கிறதா என்பதுதான் சாட்சி. அதைப் பார்க்க இன்னும் நாலு சொல்லை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். வீடு என்பதற்கு ஆங்கிலத்தில் ஹவுஸ், ஜேர்மனில் ஹவுஸ், டச்சில் ஹொய்ஸ். எலிக்கு மவுஸ், மவுஸ், மொய்ஸ். ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் அவு வரும் இடத்தில் டச்சில் ஒய் வருகிறது, ஒரு சொல்லில் அல்ல, வரிசையாக. லவுட்டும் அதே வரிசையில் போய் நிற்கிறது. கடைசி எழுத்தையும் இப்படியே சோதியுங்கள். வயதான என்பதற்கு ஆங்கிலத்தில் ஓல்ட், ஜேர்மனில் அல்ட்ட். ரொட்டிக்கு ப்ரெட், ப்ரோட்ட். கட்டிலுக்கு பெட், பெட்ட். ஆங்கிலத்தில் மெல்லிய ட் வந்தால் ஜேர்மனில் வல்லோசை. லவுட், லவுட்ட் என்பது இந்த வரிசைக்கும் ஒத்துப்போகிறது.

இந்த இடத்தில் அவசரப்படாமல் பத்துப் பன்னிரண்டு சொல்லாவது எழுதிப் பாருங்கள். நான் முதன்முதலில் இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டு முடிவு கட்டினேன், பிறகு ஒரு கொப்பி முழுக்க அழிக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது, காலத்தில் பின்னால் போவது. ஒவ்வொரு மொழியிலும் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். நல்ல சொற்பிறப்பு அகராதி எதுவானாலும் அதைக் கொடுத்திருக்கும், இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் ஹ்லூட். ஜேர்மனியின் வடக்கில் பேசிய பழைய சாக்சனில் ஹ்லூட். வடகடல் கரையில் பேசிய பழைய பிரீசியனிலும் ஹ்லூட். இன்றைய ஜேர்மனின் மூதாதையான பழைய உயர் ஜேர்மனில் ஹ்லூட்ட். இன்றைக்கு மூன்று விதமாக ஒலிக்கும் சொல் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கிறது! அவு, ஒய் எல்லாம் பிறகு ஊ என்ற நெடிலிலிருந்து பிரிந்தவை. வீடும் அப்படித்தான், பழைய வடிவம் ஹூஸ்.

முன்னால் ஒரு ஹ இருந்து உதிர்ந்திருப்பதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ல முன்னால் நின்ற ஹ எல்லாமே இப்படிப் போய்விட்டது. ரொட்டித் துண்டைக் குறிக்கும் லோஃப் முன்பு ஹ்லாஃப். லோர்ட் என்ற சொல்கூட ஹ்லாஃப்வெயர்ட், அதாவது ரொட்டியைக் காப்பவன். சோறு போடுகிறவன்தான் எஜமான் என்று ஒரு மொழியே சொல்லி வைத்திருக்கிறது. துரைமார் காலத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சும்மா கடந்துபோகிற தகவல் அல்ல. ஐஸ்லாந்து மொழியில் இந்த ஹ இன்றும் உயிரோடு இருக்கிறது. காது கொடுத்துக் கேள் என்பதற்கு ஆங்கிலத்தில் லிசன், ஐஸ்லாந்தில் ஹ்லுஸ்ட்டா. இந்த இரண்டும் நம் சொல்லின் வேரிலிருந்தே வந்தவை.

இப்போது உங்கள் கையில் ஹ்லூட் வரைக்கும் இருக்கிறது. நட்சத்திரச் சொல்லின் கடைசியில் வரும் அஸ் எங்கிருந்து வந்தது? ஆங்கிலம், ஜேர்மன், டச்சு எதிலும் அது மிச்சமில்லை. இதற்குப் பதில் டென்மார்க்கில் கலஹூஸ் என்ற ஊரில் 1734-ல் மண்ணிலிருந்து கிடைத்தது. ஒரு தங்கக் கொம்பு. கி.பி. 400 வாக்கில் செய்தது. அதன் விளிம்பில் ரூன் என்ற பழைய ஜேர்மானிய எழுத்தில் ஒரே ஒரு வரி: ஏக் ஹ்லேவகஸ்தீஸ் ஹோல்ட்டியஸ் ஹோர்ன ட்டவிடோ. முதல் சொல் நான், அடுத்த இரண்டும் செய்தவனைக் குறிப்பவை, ஹோர்ன என்றால் கொம்பு, கடைசிச் சொல் செய்தேன். கொல்லன் ஒருவன் தன் பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கொம்பை 1802-ல் திருடி உருக்கிவிட்டார்கள். முன்கூட்டியே யாரோ படம் வரைந்து வைத்ததால் வரி தப்பியது. ஹோல்ட்டியஸ் என்பதின் முடிவைப் பாருங்கள், அதுதான் நாம் தேடிய அஸ். கணித்துக் கட்டிய விகுதி உண்மையிலேயே எழுத்தில் நிற்கிறது. அதோடு ஹ்லேவகஸ்தீஸ் என்ற பெயரின் முதல் பாதிக்குப் புகழ் என்றே பலரும் பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் அதுவும் லவுட்டின் உறவுதான். ஒரே வரியில் விகுதியும் கிடைத்தது, வேரும் கிடைத்தது. நான் இந்த வரியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி மலையேற்றம். ஜேர்மானியக் குடும்பத்துக்கு மேலே போக வேண்டும். இலத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், பாரசீகம், ரஷ்யன் எல்லாவற்றோடும் இந்தக் குடும்பம் உறவு. 1786-ல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இந்த உறவைச் சபையில் எடுத்துச் சொன்னது பிரபலம். ஆனால் உறவு என்று சொன்னால் போதாது, எந்த ஒலி எந்த ஒலியாக மாறியது என்று விதி வேண்டும். டென்மார்க்கின் ராஸ்க் என்ற மொழி அறிஞர் 1818-ல் அதைக் கண்டு எழுதினார், 1822-ல் யாக்கோப் கிரிம் முறையாக விதியாக்கினார். சிறுவர் கதைகள் சேகரித்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர், அவரேதான்.

அந்த விதியில் நமக்கு வேண்டியது இரண்டு துண்டு. இவை எல்லாவற்றுக்கும் தாயான மூல மொழியின் க ஒலி ஜேர்மானியத்தில் ஹ ஆகும். இலத்தீனில் கொம்பு கோர்னு, ஆங்கிலத்தில் ஹோர்ன், தங்கக் கொம்பில் ஹோர்ன. அதே க சமஸ்கிருதத்தில் பல இடங்களில் ஶ என்று மாறிவிட்டது, தமிழுக்குள் வரும்போது அது ச. இதற்கு ஆக நல்ல உதாரணம் நம் சட்டைப் பையிலேயே இருந்தது. பழைய சில்லறைக் காசில் 'ஐம்பது சதம்' என்று தமிழில் போட்டிருக்குமே, அந்தச் சதம் சமஸ்கிருதத்தின் நூறு. இலத்தீனில் நூறு கென்டும், அதிலிருந்து வந்ததுதான் சென்ட். ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ஹண்ட்ரட். ச, க, ஹ மூன்றும் வரிசையாக நிற்கின்றன. சிங்களத்தில் நூறு சியய, அதுவும் இதே சொல்லின் பேரப்பிள்ளைதான்.

அப்படியானால் ஹ்லூட் என்பதற்குச் சமஸ்கிருதத்தில் ச போட்டுத் தேட வேண்டும், கிரேக்கத்தில் க போட்டுத் தேட வேண்டும். கிரேக்கத்தில் க்ளுத்தோஸ் கிடைக்கிறது, புகழ்பெற்ற என்று பொருள். சமஸ்கிருதத்தில் ஶ்ருத, கேட்கப்பட்ட என்று பொருள். சுருதியும் சிரவணமும் அதன் கூடப் பிறந்தவை. ல இருக்க வேண்டிய இடத்தில் ர வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, விடாமல் கேளுங்கள். சமஸ்கிருதத்தில் பழைய ல பல சொற்களில் ர ஆகிவிட்டது. இலத்தீனில் வெளிச்சம் லுக்ஸ், ஆங்கிலத்தில் லைட், சமஸ்கிருதத்தில் அதே வேர் ருச். ஒளி என்ற பொருளிலிருந்து விருப்பம், சுவை என்று போய் நாம் சொல்லும் ருசி ஆனது அதுதான். சாப்பாடு ருசியாக இருக்கிறது என்று சொல்லும்போது லைட்டின் சொந்தக்காரனைத்தான் கூப்பிடுகிறோம்.

ஆனால் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் கடைசியில் த வல்லோசை. கிரிம் விதிப்படி அது ஆங்கில த்ரீ என்பதின் தொடக்கம்போல, நாக்கைப் பல்லில் வைத்து ஊதும் ஒலியாக வேண்டும். நமக்குக் கிடைத்தது மெல்லிய ட். இந்த மாதிரி விலகல்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் எல்லோரையும் குழப்பின. கார்ல் வெர்னர் என்ற டென்மார்க்காரர் 1877-ல் வெளியான கட்டுரையில் தீர்த்து வைத்தார். வேத மொழியில் சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று பார்த்தார். பிதா என்பதில் அழுத்தம் கடைசி அசையில், பழைய ஆங்கிலத்தில் அப்பாவுக்கு ஃபேடர், மெல்லிய ட். சகோதரனைக் குறிக்கும் ப்ராதா என்பதில் அழுத்தம் முதல் அசையில், பழைய ஆங்கிலத்தில் ஊதும் ஒலி அப்படியே இருக்கிறது. ஊதும் ஒலிக்கு நேர் முன்னால் இருக்கும் அசையில் அழுத்தம் இல்லையென்றால் அது மெல்லியதாகிவிடும், அவ்வளவுதான். ஶ்ருத என்பதில் அழுத்தம் எங்கே? கடைசி அசையில். ஆகவே மெல்லிய ட். பூட்டுக்குச் சாவி சரியாகப் பொருந்தும் சத்தம் இதுதான். வடக்கே பனிக்காட்டில் பேசிய மொழியின் ஒரு எழுத்துக்குக் காரணம் இந்தியாவில் வேதம் ஓதியவர்களின் குரல் ஏற்ற இறக்கத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் முழுதாகப் பொருந்தவில்லை. ஶ்ருத என்பதில் உ குறில், ஹ்லூட் என்பதில் ஊ நெடில். இப்படி ஏதாவது இடறினால் மறைக்காமல் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு எழுதி வையுங்கள். ஒத்துவருவதை மட்டும் காட்டி ஒத்துவராததை ஒளிக்கிறவரின் கணக்கை யாரும் சரிபார்க்க முடியாது.

பொருளைப் பற்றியும் யோசிக்க வேண்டும், ஒலி பொருந்தினால் மட்டும் போதாது. மூலப் பொருள் 'காதில் விழுந்த'. நாலு பேர் காதில் விழுந்த பெயர் என்றால் புகழ், கிரேக்கம் அந்தப் பக்கம் போனது. தூரத்திலிருந்தே காதில் விழுகிறது என்றால் சத்தம், ஜேர்மானியம் இந்தப் பக்கம் வந்தது. புகழ் என்ற பொருளும் அங்கே அடியோடு போகவில்லை, ஆட்பெயர்களில் ஒளிந்திருக்கிறது. லுட்விக் என்ற பெயரில் முதல் பாதி ஹ்லுட், புகழ். இரண்டாம் பாதி போர். பிரெஞ்சு வாயில் அதுதான் லூயி. நம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் லூயிஸ் என்று ஒரு தாத்தாவாவது இருப்பார், அவர் பெயருக்குள்ளும் லவுட் இருக்கிறது. ஒருவரின் நற்பெயரைச் சொல்ல ஜேர்மனில் லொய்முண்ட் என்ற சொல் உண்டு, அதுவும் இந்த வேர்தான். தமிழிலேயே 'கேள்' என்ற ஒரு சொல் காதால் கேட்பதிலிருந்து கேள்வி கேட்பது, காசு கேட்பது வரைக்கும் நடந்து வந்திருக்கிறது. அதனால் பொருள் நகர்வது நமக்குப் புதிதல்ல.

கீழ்நோக்கிப் பிள்ளைகளை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. வேரின் உறவுகளையும் அந்தப் பெயரடையின் நேர்ப் பிள்ளைகளையும் கலந்துவிடாதீர்கள். லவுட், லவுட்ட், லொய்ட் நேர்ப் பிள்ளைகள். சுவீடன் மொழியில் ஒலி என்பதற்கு யூட் என்ற சொல் இருக்கிறது, அது பெரியப்பா பிள்ளை மாதிரி, அதே வேரிலிருந்து வந்த வேறொரு பெயர்ச்சொல். லவுட்ஸ்பீக்கருக்கு ஜேர்மனில் லவுட்ட்ஷ்ப்ரெஹர், டச்சில் லொய்ட்ஸ்பிரேக்கர், ஆனால் சுவீடனில் ஹொக்டாலரெ, 'உயரப் பேசுவது'. வடக்குக் கிளையில் நம் பெயரடை சத்தமான என்ற பொருளில் நிற்கவில்லை என்பதை ஒரு ஸ்பீக்கரின் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

கடைசியாக, நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம். சுருதி தமிழுக்குள் கடனாக வந்தது, லவுட்டும் கடனாக வந்தது. இரண்டும் ஒரே வேர் என்பதால் தமிழ் அந்தக் குடும்பம் ஆகிவிடாது. தமிழ் திராவிடக் குடும்பம், இதை 1816-லேயே சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி எடுத்துக் காட்டிவிட்டார். எட்டும் ஆங்கில எய்ட்டும் ஒன்று என்று போனில் சுற்றும் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோதித்துப் பாருங்கள். எய்ட் ஜேர்மனில் அஹ்ட்ட், இலத்தீனில் ஒக்தோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. பின்னால் போகப் போக எட்டை விட்டு விலகிப் போகிறது. நம் எட்டோ எண்பது, எண்ணூறு என்று வரும்போது எண் என்ற தன் வேரைக் காட்டுகிறது, கன்னடத்தில் எண்ட்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்து போகிற வழியில் ஒரே சாயலில் சந்தித்தவை. எய்ட்டின் உண்மையான சொந்தம் கடைத்தெருவில் காதில் விழும் சிங்கள அட. அதனால் ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தோடு சேர்க்கும் முன் முதலில் மலையாளம், கன்னடம், தெலுங்கில் அதற்கு என்ன என்று பாருங்கள். தமிழின் பெருமைக்குப் பொய்க் கணக்கு தேவையே இல்லை.

முறை பிடிபட்டுவிட்டதா என்று பார்க்க, நுவரெலியாவில் ஒரு டிசம்பர் ராத்திரி நின்றாலே ஞாபகம் வரும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், குளிரைச் சொல்லும் கோல்ட். நட்சத்திரச் சொல் *கல்டஸ். ஜேர்மனில் கல்ட்ட், டச்சில் கவுட். இலத்தீனில் உறைபனிக்கு கெலு, முதல் எழுத்து 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய க. உறைய வைப்பது என்ற அதன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் பிறந்தநாள் வீட்டில் கிண்ணத்தில் வைக்கும் ஜெலி. அந்த மெல்லிய க எப்படி வல்லோசைக் க ஆனது என்று தெரிய, இலத்தீனில் முழங்காலுக்கு என்ன சொல் என்று பார்த்து, அதே முழங்காலுக்கு ஆங்கிலம் சொல்லும் நீ என்பதை எழுத்துக்கூட்டி அதன் பக்கத்தில் வையுங்கள். டச்சுக் கவுட்டில் ல எங்கே போனது என்று தெரிய, வயதான என்பதற்கும் தங்கத்துக்கும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். கடைசி ட் எப்படி வந்தது என்பதற்கு வெர்னரின் சாவி உங்களிடமே இருக்கிறது.